நுனியில் ஒரு குடித்தனம்

எங்கள் ஊரில் யாருக்காவது இடுப்பைச் சுற்றி வரிசையாகக் கொப்புளம் போட்டு எரிச்சல் கண்டால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் குயவர் வீட்டுக்குத்தான் ஆள் போகும். என் பாட்டிக்கு ஒரு சித்திரை மாதத்தில் அப்படி வந்தது. குயவர் வீட்டுப் பெரியவர் காவியைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, கொப்புளங்களின் மேல் ஒரு சிங்கத்தை எழுதிவிட்டுப் போனார். அக்கி எழுதுவது என்று அதற்குப் பெயர். சிங்கம் பார்வைக்கு நாய் மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் அக்கி உதிர்ந்துவிட்டது. எழுதாமலிருந்தாலும் உதிர்ந்திருக்கும் என்று, பின்னால் பாட்டியைப் பார்த்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு விடவில்லை.

"பாட்டிக்குச் சின்ன வயசிலே அம்மை வார்த்திருந்ததா?" என்று கேட்டார்.

"ஏழு வயசிலே வார்த்தது. அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றாள் பாட்டி.

"அதுதான் இது. போகவில்லை. அறுபது வருஷமாக உங்களிடமே தங்கியிருக்கிறது."

பாட்டி நம்பவில்லை. இறங்கிப் போன மாரியம்மன் மறுபடி ஏன் வருகிறாள் என்பது அவள் கேள்வி. எனக்கு அப்போது பத்து வயது. ஒருவர் உடம்புக்குள்ளே அவருக்குத் தெரியாமல் அறுபது வருஷம் ஒன்று பதுங்கியிருக்க முடியும் என்பது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. கதை எழுதுகிறவனாக நான் ஆனதற்கு அந்த டாக்டரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹெர்ப்பீஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மனிதனுக்கென்றே ஏற்பட்ட ஹெர்ப்பீஸ்கள் ஒன்பது இதுவரை தெரியவந்திருக்கின்றன. சின்னம்மையும் அக்கியும் ஒன்றின் வேலை. உதட்டோரத்தில் கொப்புளம் போடுவது இன்னொன்று. ஒன்பதுக்கும் பொதுவான சுபாவம், வந்தால் போகாதது. ஆனால் போகாமலிருப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. அக்கி வைரஸ் நரம்பு வேரின் உயிரணுவுக்குள் புகுந்து கிடந்தாலும், அந்த அணுவின் குரோமோசோம்களைத் தொடுவதில்லை. தன் டி.என்.ஏ.வைத் தனி வளையமாகச் சுருட்டி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறது. திண்ணையில் படுத்துக்கொள்கிற வழிப்போக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது வருஷம் படுத்திருந்தாலும் வீடு அவன் பேருக்கு ஆகிவிடாது.

இந்த வரம்பை மீறி, வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்ட ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. அதன் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

1986-ம் வருஷம். அமெரிக்காவில் பெதெஸ்டா என்ற ஊரில் உள்ள தேசியப் புற்றுநோய் ஸ்தாபனத்தில், ராபர்ட் காலோ என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில், ஸலாஹுத்தீன், அப்லாஷி முதலியவர்கள் ஆறு நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஆறு பேருக்கும் வெள்ளணுக்கள் அளவு மீறிப் பெருகும் வியாதிகள். எய்ட்ஸ் பற்றிய பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. புதிய வைரஸ் என்றாலே பெரிய வியாதிக்குக் காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 'பி' வகை வெள்ளணுவில் வளர்வது என்று எண்ணி அதற்கேற்ற ஒரு பெயரும் வைத்தார்கள். அது உண்மையில் விரும்புவது 'டி' வகை அணுக்களை என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. பெயரை மாற்றி, மனித ஹெர்ப்பீஸ் வைரஸ் 6 என்று வெறும் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் அதன் பயங்கரம் எல்லாம் கரைந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். மூன்று நாள் அனலாகக் கொதிக்கும். தாயார் நடுநடுங்கிப் போவாள். நாலாம் நாள் காய்ச்சல் சட்டென்று விட்டு, உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகத் தடித்து, குழந்தை ஒன்றுமே நடவாதது போல் விளையாட ஆரம்பித்துவிடும். ஜான் ஸஹோர்ஸ்கி என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1910-ல் இதை விவரித்து எழுதினார். எதனால் வருகிறது என்பது மட்டும் எழுபத்தெட்டு வருஷம் தெரியவில்லை. 1988-ல் ஜப்பானில் ஒஸாகாவைச் சேர்ந்த யமானிஷியும் அவருடைய சகாக்களும், இந்த ஆறாம் எண் ஹெர்ப்பீஸ்தான் அதற்குக் காரணம் என்று காட்டினார்கள். பிறந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் அது வந்துவிடுகிறது. புற்றுநோய்க் கூண்டில் நிறுத்தப்பட்ட கைதி, ஒவ்வொரு தொட்டில் பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தவன்தான் என்று ஆயிற்று. இதில் ஏ, பி என்று இரண்டு வகை இருப்பதும், குழந்தைக் காய்ச்சல் பி வகையின் வேலை என்பதும் பிறகு தெளிவாயின. 2012-ல் அவற்றை இரண்டு தனி வைரஸ்களாகவே பிரித்துவிட்டார்கள். இந்தக் கதைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கதை திரும்புகிற இடம் இத்தாலி. மோடேனா என்ற ஊரில் மாரியோ லுப்பி, டொரெல்லி என்ற இரண்டு வைத்திய விஞ்ஞானிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும், சில நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வைரஸின் டி.என்.ஏ. வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அதிகம் என்றால், ரத்தத்தின் ஒவ்வொரு வெள்ளணுவுக்கும் ஒரு பிரதி இருப்பது போன்ற கணக்கு. அத்தனை வைரஸ் உடம்பில் திரிந்தால் அதற்குத் தகுந்த காய்ச்சலோ கொப்புளமோ இருக்க வேண்டாமா? இல்லை. அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். டி.என்.ஏ.வைக் கூழ் போன்ற ஒரு பலகையில் வைத்து மின்சாரத்தால் ஓட விட்டால், சின்னத் துண்டுகள் வேகமாக ஓடும், பெரியவை பின்தங்கும். வைரஸின் டி.என்.ஏ. முழு நீளம் ஒரு லட்சத்து அறுபதினாயிரம் எழுத்துக்கள்தான். மனிதக் குரோமோசோமோ கோடிக் கணக்கில் எழுத்துக்கள் கொண்டது. ஆகவே வைரஸ் தனியாக இருந்தால் முன்னே ஓடியிருக்க வேண்டும். மூன்று நோயாளிகளிடம் அது ஓடவில்லை, மனித டி.என்.ஏ. நின்ற இடத்திலேயே தானும் நின்றது. 1993-ல் இதைப் பிரசுரித்தார்கள். 1995-ல், ஒளிரும் சாயத்தைக் கொண்டு குரோமோசோம்களிலேயே அதைத் தேடிப் பார்த்தபோது, பதினேழாம் குரோமோசோமின் குட்டைக் கையின் கோடியில் அது ஒரு புள்ளியாக மின்னியது.

அப்போதும் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. நோயாளியின் அணுவில் எத்தனையோ விபரீதங்கள் நடக்கும். அவற்றில் இதுவும் ஒன்று என்று நினைக்க இடமிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு குடும்பம்.

கொச்சி என்று ஜப்பானில் ஒரு ஊர் இருக்கிறது. நம் கொச்சி அல்ல. ஷிக்கோக்கு தீவின் தென் கரையில் உள்ளது. அங்குள்ள வைத்தியக் கல்லூரிக்கு, நிணநீர் அணுக்களில் தோன்றும் பர்க்கிட் கட்டி என்ற புற்றுநோயோடு ஒரு பெண் வந்தாள். மஸனோரி டைபாட்டாவும் அவருடைய சகாக்களும் அவளுடைய அணுக்களைச் சோதித்ததில், ஆறாம் எண் ஹெர்ப்பீஸ் இருபத்திரண்டாம் குரோமோசோமின் நீண்ட கையில், கோடியை ஒட்டிய இடத்தில் பதிந்திருந்தது. மோடேனாவில் கண்டதைப் போன்ற இன்னொரு நோயாளி என்று கணக்கில் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அவளுடைய கணவனையும் சோதித்தார்கள். அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆனால் அவனிடமும் வைரஸ் குரோமோசோமில் இருந்தது. அவனுக்கு முதலாம் குரோமோசோமின் நீண்ட கையின் கோடியில். ஜப்பானில் ஆயிரத்தில் ஒரு சிலரிடமே இப்படி இருக்கும். அத்தகைய இருவர், தங்களுக்கே தெரியாமல், ஒருவரை ஒருவர் மணந்துகொண்டிருந்தார்கள். ஜாதகத்தில் இதற்கு எந்தப் பொருத்தம் என்று சொல்வார்களோ தெரியாது.

அவர்களுக்கு ஒரு மகள். அவள் ரத்தத்தையும் பார்த்தார்கள். தாயாரிடம் இருந்த இருபத்திரண்டாம் குரோமோசோம் இடத்தில் ஒன்று, தகப்பனாரிடம் இருந்த முதலாம் குரோமோசோம் இடத்தில் ஒன்று, ஆக இரண்டு வைரஸ்கள் அவளிடம் இருந்தன. 1999-ல் இது வெளியாயிற்று.

நான் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுகிறேன். விஞ்ஞானப் பத்திரிகையில் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோகும் இந்தச் செய்திக்குள் எத்தனை இருக்கிறது! மகளிடம் கண்ட வைரஸ்கள் இருமலால் வந்தவையல்ல, முத்தத்தால் வந்தவையல்ல. மூக்கின் நீளமும் தலைமயிரின் சுருளும் எந்த வழியாக வந்தனவோ அந்த வழியாக வந்தவை. கருவான முதல் அணுவிலேயே இரண்டும் இருந்தன. ஆகையால் உடம்பில் உட்கரு உள்ள ஒவ்வோர் அணுவிலும் இரண்டும் இருக்கின்றன. ஒரு பெற்றோரிடமிருந்து இது குழந்தைக்கு வருவதும் வராததும் சரிபாதி வாய்ப்பு. இரண்டு பேரிடமிருந்தும் வருவது நாலில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். அந்தப் பெண்ணுக்கு அது நேர்ந்தது. வியாதி என்று நாம் சொல்வதற்கும் பரம்பரை என்று சொல்வதற்கும் நடுவே ஒரு வேலி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த வேலி அவளிடம் இல்லை.

வைரஸ் குரோமோசோமில் புகுவது புதிதல்ல என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். எய்ட்ஸ் வைரஸ் அப்படித்தான் புகுகிறது. அதன் இனத்தைச் சேர்ந்த பழைய வைரஸ்களின் எச்சங்கள் மனித டி.என்.ஏ.வில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இருக்கின்றன. ஆனால் அந்த இனத்துக்கு அது தொழில்; வெட்டி ஒட்டுவதற்கென்றே கத்திரியைக் கையோடு கொண்டுவருகிறது. ஹெர்ப்பீஸிடம் அப்படிப்பட்ட கத்திரி கிடையாது. பின் எப்படிப் புகுந்தது?

மோடேனாவிலும் கொச்சியிலும் கண்ட இடங்களை மறுபடி பாருங்கள். பதினேழின் கோடி, இருபத்திரண்டின் கோடி, ஒன்றின் கோடி. குரோமோசோம் எதுவானாலும் இடம் கோடிதான். அந்தக் கோடிக்கு டெலோமியர் என்று பெயர். குரோமோசோம் என்பது நீண்ட நூல். வேஷ்டியின் ஓரத்தில் நூல் பிரியாமலிருக்க முடிச்சுப் போடுகிறோம் அல்லவா, அது போல அதன் இரண்டு நுனிகளிலும் ஒரு காப்பு உண்டு. எலிஸபெத் பிளாக்பர்ன் என்ற விஞ்ஞானி, ஜோஸப் கால் என்பவரோடு சேர்ந்து, குளத்து நீரில் வாழும் ஓரணுப் பிராணி ஒன்றில் அதன் அமைப்பை 1978-ல் கண்டுபிடித்தார். சில எழுத்துக்கள் கொண்ட ஒரே சொல், ஜபம் மாதிரி, திரும்பத் திரும்ப வருகிறது. மனிதனிடம் அந்தச் சொல் ஆறெழுத்து: டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி. ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்கு இதுவேதான். 1988-ல் இது தெரியவந்தது. அணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஜபத்தின் வால் கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்தால் அணு பிரிவதை நிறுத்திவிடுகிறது. தேய்ந்ததை நீட்டித் தரும் ஒரு நொதியும் உண்டு. இவற்றுக்காக பிளாக்பர்னுக்கும் வேறு இருவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இனி வைரஸுக்கு வருவோம். ஆறாம் எண் ஹெர்ப்பீஸின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்து 1995-ல் வெளியிட்டார்கள். அதன் இரண்டு கோடிகளிலும் ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள். அந்தப் பகுதிகளில் டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற அதே ஜபம்! நம்முடைய குரோமோசோமின் நுனியில் எழுதியிருப்பதையே வைரஸும் தன் நுனியில் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது. வெட்டுகிற கத்திரி அதற்கு அவசியமில்லை. ஒத்த எழுத்து ஒத்த எழுத்தோடு இணைகிற சுபாவம் டி.என்.ஏ.வுக்கே உண்டு, அறுந்ததைச் செப்பனிட அணு வைத்திருக்கும் யந்திரங்களே அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. வீட்டுக்காரனின் சாவியைப் போலவே ஒரு சாவியைச் செய்துகொண்டு வருகிறவனுக்குக் கன்னம் வைக்கிற வேலை எதற்கு?

இதை ஐயமற நிரூபித்தவர்கள் அமெரிக்காவில் டாம்பா நகரத்தில் இருந்த பீட்டர் மெட்வெட்ஸ்கியின் குழுவினர். 2010-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், இதைப் பரம்பரையாகச் சுமக்கும் குடும்பங்களின் அணுக்களில் வைரஸும் குரோமோசோமும் சேருகிற மூட்டையே படித்துக் காட்டினார்கள். ஒரு பக்கம் மனித எழுத்து, அடுத்த பக்கம் வைரஸ் எழுத்து, நடுவில் ஜபம். ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாக வைரஸை ஏற்றிய அணுக்களிலும் அது நுனியிலேயே போய் உட்கார்ந்தது. குரோமோசோம் தன் காப்பை இழந்துவிடவில்லை. வைரஸுக்கு அப்பாலும் ஜபம் தொடர்கிறது. தவிரவும், சில மருந்துகளைக் கொடுத்துத் தூண்டியபோது உள்ளே உட்கார்ந்திருந்தது மறுபடி வைரஸாகவே வெளியே வந்தது. செத்துப் புதைந்த எச்சம் அல்ல; தூங்குகிற பிராணி.

ஒரு துப்பறியும் கதைக்கு உண்டான திருப்பமும் இதில் இருக்கிறது. யு94 என்று ஒரு மரபணு இந்த வைரஸில் உண்டு. வேறொரு சின்ன வைரஸ், மனிதனின் பத்தொன்பதாம் குரோமோசோமில் போய்ச் சேருவதற்கு உபயோகிக்கும் மரபணுவின் சாயல் அதற்கு இருந்தது. 1991-ல் இந்தச் சாயல் தெரிந்ததிலிருந்து, இவன்தான் கதவைத் திறந்துவிடுகிற உள்ளாள் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2016-ல் பெர்லினில், அந்த மரபணுவையே எடுத்துவிட்ட வைரஸை அணுக்களில் ஏற்றிப் பார்த்தார்கள். அது முன்போலவே குரோமோசோமில் போய்ச் சேர்ந்தது. ஜபத்தை எடுத்துவிட்ட வைரஸ்தான் திணறியது. இருபத்தைந்து வருஷமாகக் கூண்டில் நின்ற யு94 விடுதலை. சாயலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் மேல் பழி போடுவது கதாசிரியர்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல போலிருக்கிறது. கோழிகளைக் கட்டி வந்து சாகடிக்கும் மாரெக் வியாதியின் ஹெர்ப்பீஸும் இதே ஜபத்தால்தான் கோழியின் குரோமோசோம் நுனியில் சேருகிறது என்பதை அதே பெர்லின் ஆட்கள் 2011-ல் காட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் சுவாரசியமான விஷயம்தான். ஆனால் இதைச் சுமக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? உலக ஜனங்களில் நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைய, இந்த வைரஸைப் பரம்பரையாகக் கொண்டிருக்கிறார்கள். கோடிக் கணக்கான பேர். அவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து, அறியாமலே மறைகிறார்கள். சங்கடம், அவர்கள் வேறு ஏதாவது காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வருகிறது.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நாற்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை வெள்ளணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வைரஸ் என்றால் சோதனைக் காகிதத்தில் வருகிற எண்ணும் அத்தனை லட்சம். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தி எல்லாம் இழந்து படுத்திருக்கிற ஒருவருடைய காகிதத்தில் அந்த எண்ணைப் பார்க்கும் டாக்டர் என்ன நினைப்பார்? வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது என்றுதான். கான்ஸிக்ளோவிர் கொடுப்பார், அது மஜ்ஜையை வாட்டும். ஃபாஸ்கார்னெட் கொடுப்பார், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடுத்த வாரக் காகிதத்தில் எண் குறைந்திருக்காது. குறையாது; ஏனென்றால் அந்தப் பிரதிகளை வைரஸ் உண்டாக்கவில்லை, அணு பிரியும்போது தன் சொந்த டி.என்.ஏ.வோடு சேர்த்து அணுவே உண்டாக்குகிறது. டாக்டர் மருந்தின் அளவை யோசிப்பார். இல்லாத எதிரி மேல் தொடுத்த அம்பெல்லாம் நோயாளியின் மேலேயே விழுகிறது. இப்படி நடந்திருக்கிறது, ஆகவேதான் இந்த ஆராய்ச்சியாளர்கள் கட்டுரைக்குக் கட்டுரை எச்சரித்திருக்கிறார்கள்.

லண்டனில் டங்கன் கிளார்க்கும் கேட் வார்டும் அவர்களைச் சேர்ந்தவர்களும் 2006-ல் இதற்கு ஒரு வழியைக் காட்டினார்கள். ஒரு தலைமயிரை வேரோடு பிடுங்கிச் சோதித்தால் போதும். சாதாரணமாகத் தொற்றிய வைரஸ் மயிர்வேரில் இருப்பதில்லை. பரம்பரையாக வந்ததானால் அங்கேயும் அணுவுக்கு ஒன்று இருந்தே தீரும். மஜ்ஜை மாற்றியவர்களிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. மஜ்ஜை கொடுத்தவர் இதைச் சுமப்பவராக இருந்தால், வாங்கிக்கொண்டவரின் ரத்தம் முழுவதும் வைரஸ் இருக்கும், மயிர்வேரில் இராது. கொடுத்தவரிடம் இல்லாமல் வாங்கியவரிடம் இருந்தால் நேர்மாறு. ரத்தம் ஒருவருடையது, மயிர் ஒருவருடையது என்று ஒரே உடம்பு இரண்டு சாட்சி சொல்லும். ராசெஸ்டர் நகரத்துக் குழந்தை வைத்தியர் கரோலின் ஹால் 2008-ல் வெளியிட்ட கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். பிறக்கும்போதே இந்த வைரஸோடு பிறந்ததாகக் கண்ட 43 குழந்தைகளில் 37 பேருக்கு அது குரோமோசோமிலேயே இருந்தது.

அப்படியானால் இது முழுக்க நிரபராதியா? அதுவும் சொல்வதற்கில்லை. எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஒரு ஜப்பானியச் சிறுவனிடம், பரம்பரையாக வந்த இந்த வைரஸ் விழித்துக்கொண்டதற்குச் சான்று 2014-ல் கிடைத்தது. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய இருபதினாயிரம் பேரைச் சோதித்து, இதைச் சுமப்பவர்களிடம் மார்வலி அதிகம் காணப்படுகிறது என்று 2015-ல் சொன்னார்கள். கர்ப்பத்தில் இருக்கும் சிசு இதைச் சுமந்தால், தாயாருக்கு ரத்த அழுத்தம் ஏறி வரும் கர்ப்ப கால ஆபத்து அதிகம் என்று 2020-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. சேர்ந்து காணப்படுவது ஒன்று, அதனால் உண்டாவது ஒன்று. யு94-ன் வழக்கைப் படித்தவன் என்ற முறையில், நான் இந்தத் தீர்ப்புகளுக்கு அவசரப்படமாட்டேன்.

கடைசியாக ஜப்பானுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே 7,485 பேருடைய முழு டி.என்.ஏ.வையும் படித்துப் பார்த்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஜப்பானில் பரம்பரையாக வரும் ஆறாம் எண் ஹெர்ப்பீஸ்களில் நூற்றுக்கு 72, இருபத்திரண்டாம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில் இருக்கும் இரண்டே வைரஸ்களின் வழிவந்தவை. அதாவது வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களிடம் தனித்தனியாகப் புகுந்தவை அல்ல. வெகு காலத்துக்கு முன்னால் யாரோ ஒருவருடைய விந்திலோ முட்டையிலோ ஒன்று போய் உட்கார்ந்தது. வேறொரு சமயம் வேறொருவரிடம் இன்னொன்று. அந்த இரண்டு பேரின் பேரன் பேத்திகளும் அவர்களின் பேரன் பேத்திகளும் ஒருவரை ஒருவர் அறியாமல் தீவுகள் முழுவதும் பரவியிருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு மூதாதையிடமிருந்து இறங்கிவந்த குலத்துக்கு, அடையாளம் ஒரு குழந்தைக் காய்ச்சலின் வைரஸ்.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது. சிலரிடம் முழு வைரஸ் இல்லை. அதன் கோடியில் இருக்குமே ஜபம் எழுதிய பகுதி, அது மட்டும் தனியாக, குரோமோசோம் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோடிகளும் ஒரே மாதிரி இருப்பதால் அவை ஒன்றையொன்று தழுவி, நடுவில் உள்ளதை வளையமாகக் கழற்றி வெளியே விட்டுவிட முடியும். அப்படிக் கழன்றால் மிஞ்சுவது ஒரு கோடி மட்டும். யாரோ ஒரு பாட்டனாரிடமோ பாட்டியிடமோ அந்தப் பிராணி தூக்கம் கலைந்து எழுந்து, தான் வந்த வழியே புறப்பட்டுப் போயிருக்கிறது. போகும்போது வாசல் நிலையை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. அந்த நிலை இன்னும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.